‘மர்மர்’ ஆல்பமும் புனலூர் மாமாவும்

குழு: ஆரியங்காவு வீட்டார்

தென்மலை அண்ணன்: கழுதுருட்டியில் இன்று எடுத்த பதின்மூன்று கண் பாலத்தின் படத்தை அனுப்பியிருக்கிறேன். தம்பி இந்தக் குழுவில் போட்ட, ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பமான ‘மர்மர்’ அட்டையிலும் இப்படி ஒரு ரயில் பாலம் இருந்ததல்லவா?

நான்: அது பின்னட்டையில், அண்ணா. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரின் மரப்பாலம் அது. 1980-இல் அந்த நால்வரும் குழுவாகச் சேர்ந்ததும் அந்த ஊரில்தான். முன்னட்டையில் மண்டிக் கிடப்பது குட்சு என்னும் கொடி. 1876-இல் பிலடெல்பியா கண்காட்சிக்கு ஜப்பானிலிருந்து வந்த அந்தக் கொடி, பிறகு தென் மாநிலங்களில் மரம், கம்பம், பாழடைந்த வீடு என்று எதையும் விடாமல் மூடிக்கொண்டது.

புனலூர் மாமா: இங்கே ரப்பர்க் கன்றுகளை மூடும் திருதராஷ்டிரப் பச்சைக் கொடி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, ஆக, கணக்கு நேராகிவிட்டது. அட்டை இருக்கட்டும், மருமகனே. பன்னிரண்டு பாடல்களையும் கேட்டேன். பாடுகிறவர் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பாடுவதுபோல் இருக்கிறது. ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கே ஒரு வரிகூட முழுதாகப் பிடிபடவில்லை என்றால், அதை எதற்குப் பாட வேண்டும்?

நான்: மைக்கேல் ஸ்டைப்பின் குரலை அவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், மாமா. வட கரோலினாவின் சார்லட் நகரில், ஒலிப்பதிவு அறையை ஒட்டிய இருண்ட படிக்கட்டில் நின்று அவர் பாடினார். தயாரிப்பாளர்களான மிட்ச் ஈஸ்டரும் டான் டிக்சனும் அந்தக் குரலைக் கிதாருக்கு மேலே தூக்கி நிறுத்தாமல், பீட்டர் பக் ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து மீட்டும் ஒலிக்கும் மைக் மில்ஸின் பின்குரலுக்கும் நடுவிலேயே விட்டார்கள். நீண்ட கிதார் தனி ஆவர்த்தனமும் கிடையாது. அந்தக் காலத்தில் எல்லோரும் சேர்த்த சிந்தசைசரும் கிடையாது.

தென்மலை அண்ணன்: அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. இசைத்தட்டு வெளியிட்ட ஐ.ஆர்.எஸ். நிறுவனம் முதலில் ஸ்டீபன் ஹேக் என்பவரைத் தயாரிப்பாளராக அமர்த்தியிருந்தது. அவர் ‘கேட்டபல்ட்’ பாடலைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து டிரம்மர் பில் பெரியைச் சோர்வடையச் செய்ததோடு, ஒலிநாடாவைப் பாஸ்டனுக்குக் கொண்டுபோய்க் குழுவைக் கேட்காமலே கீபோர்டும் சேர்த்துவிட்டார். அதன் பிறகுதான், 1982-இல் வெளிவந்த தங்கள் ஐந்து பாடல் தட்டைப் பதிவு செய்த ஈஸ்டரிடமே அவர்கள் திரும்பிப் போனார்கள்.

செங்கோட்டை அத்தை: எனக்கு ‘பெர்பெக்ட் சர்க்கிள்’ பிடித்திருக்கிறது. பியானோ ஒலி ஒன்றன்மேல் ஒன்றாக, சுருதி சற்றே விலகினாற்போல் கேட்கிறது. அந்த விலகல் இல்லாவிட்டால் பாட்டு வெறும் தாலாட்டாகப் போயிருக்கும். சொல் விளங்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் மனிதர் எதையோ பிரிந்து வருந்துகிறார் என்பது விளங்குகிறது.

புனலூர் மாமா: விளங்கியது என்று நீங்கள் சொல்கிறீர்கள், அத்தாச்சி, பாடியவர் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

நான்: 1983 ஏப்ரலில் வெளிவந்து அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 36-ஆம் இடத்தைத்தான் தொட்டது என்றாலும், அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சகர்கள் இதையே தேர்ந்தெடுத்தார்கள். அதற்காக எல்லாவற்றையும் நான் தாங்கிப் பேசவில்லை. ‘ரேடியோ ப்ரீ யூரோப்’ பாடலின் 1981-ஆம் ஆண்டுச் சிறு தட்டில் இருந்த வேகம், ஆல்பத்துக்காக மறுபடி பதிவு செய்ததில் குறைந்துவிட்டது என்பது என் கட்சி.

புனலூர் மாமா: அதை விடு. பதினொன்றாம் பாடலான ‘வீ வாக்’கில் இடி முழங்குகிறதே, மழை நாளில் வெளியே போய்ப் பதிவு செய்தார்களா?

நான்: இல்லை, மாமா. பில்லியர்ட்ஸ் பந்துகள் மோதும் ஓசையைப் பதிவு செய்து, நாடாவின் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டிருக்கிறார்கள்.

புனலூர் மாமா: பந்தின் ஓசையை இடியாக்கத் தெரிந்தவர்களுக்குப் பாடுகிறவரை இரண்டடி முன்னால் நிறுத்தத் தெரியாதா?

செங்கோட்டை அத்தை: தெரிந்தேதான் நிறுத்தவில்லை, தம்பி.