கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்குகிறது, கையை எடுத்தால் திரும்ப வருகிறது

ஹட்டன் தம்பி:
வணக்கம். முதல் தடவையாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்திருக்கிறேன். பாடி பழைய மகோகனி கட்டில் பலகை, நெக் மட்டும் கொழும்பில் வாங்கியது. மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்), எது ஒலிக்க வேண்டும் என்று தெரிய ஐந்து நிலை சுவிட்ச். ஆம்ப்பைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைகிறது. கம்பியில் கை வைத்தால் பாதிக்கு மேல் அடங்கிவிடும். பிரிட்ஜுக்கு, அதாவது கம்பிகள் பூட்டியிருக்கும் உலோகத் துண்டுக்குப் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்குமா? பிரிட்ஜைக் கழற்றுவதா?

கொட்டகலை கீபோர்ட்:
கையை எடுக்காமல் வாசி மச்சான், பிரச்சினை தீர்ந்தது.

பதுளை ரேடியோ:
கழற்ற வேண்டாம் தம்பி. தொட்டதும் குறைகிறதென்றால் அந்த வயர் நன்றாகவே இருக்கிறது. விட்டுப்போயிருந்தால் கம்பியைத் தொட்டும் மாற்றம் தெரியாது. தொட்டதும் இரைச்சல் கூடினால்தான் ஜாக்கில் (ஆம்ப் கேபிள் செருகும் துளையில்) இரண்டு வயரும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை உங்கள் உடம்பே வாங்கி கிட்டாருக்குள் விடுகிறது. கம்பியைத் தொட்டால் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடும், அதனால் அடங்குகிறது. உள்ளே ஷீல்டிங், அதாவது இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை போடவில்லை, அப்படித்தானே?

பிக்கப், பொட் (வால்யூம், டோன் திருகிகள்) இருக்கும் குழிகளுக்கும் அவற்றை மூடும் பிக்கார்ட் தகட்டின் பின்பக்கத்துக்கும் செம்பு டேப் ஒட்டுங்கள். மலிவான டேப்பின் பசை மின்சாரம் கடத்தாது, ஆகவே துண்டுகள் சேரும் இடமெல்லாம் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். மல்டிமீட்டரை பீப்பில் போட்டு எந்த மூலைக்கும் எந்த மூலைக்கும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் அங்கிருந்து வால்யூம் பொட்டின் முதுகுக்கு ஒரு வயர். ஜாக்கின் நுனித் தகடு செம்பில் பட்டால் கிட்டார் ஊமையாகிவிடும், அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். சமையலறை அலுமினியத் தாளும் வேலை செய்யும், ஆனால் அதில் ஈயம் பிடிக்காது, ஸ்க்ரூ போட்டுத்தான் வயரை இறுக்க வேண்டும்.

இன்னொன்று. ஆம்ப் பிளக்கில் எத்தனை பின்? எதில் செருகுகிறீர்கள்?

ஹட்டன் தம்பி:
ஷீல்டிங் போடவில்லை அண்ணே. ஆம்ப்புக்கு மூன்று பின். எங்கள் தோட்ட லயத்து வீட்டுப் பிளக் பேஸில் எர்த் வயர் கிடையாது, அதிலிருந்து இரண்டு வயர் எக்ஸ்டென்ஷன் ஒன்றை இழுத்திருக்கிறேன்.

பதுளை ரேடியோ:
அப்படியானால் செம்பு டேப் பிறகு, முதலில் ஆம்ப்பின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். கிட்டார் கம்பி எர்த் வயர் வழியாக ஆம்ப்பின் உலோகப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. எர்த் இல்லாதபோது ஆம்ப்புக்குள் ஒரு லைவ் வயர் பெட்டியில் பட்டால் 230 வோல்ட் நேரே உங்கள் விரலுக்கு வரும். கோயில் திருவிழாவில் கிட்டாரோடு மைக்கையும் பிடித்தால் இன்னும் மோசம். வயரிங் பாஸ் (எலெக்ட்ரீஷியன்) ஒருவரைக் கூப்பிட்டு நிலத்தில் எர்த் கம்பி அடிக்கச் சொல்லுங்கள், மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால் அதையும். இரைச்சலுக்காக எர்த் பின்னை வெட்டச் சொல்பவர்களும் உண்டு, கேட்காதீர்கள்.

கொட்டகலை கீபோர்ட்:
பகிடியை வாபஸ் வாங்குகிறேன். எங்கள் மண்டபத்திலும் இரண்டு வயர் எக்ஸ்டென்ஷன்தான் ஓடுகிறது!

ஹட்டன் தம்பி:
பாஸ் வந்து எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் போட்டுக் கொடுத்தார், எக்ஸ்டென்ஷனையும் மூன்று வயராக மாற்றிவிட்டேன். எர்த் வந்ததுமே இரைச்சல் நன்றாகக் குறைந்தது, செம்பு டேப் ஒட்டிய பிறகு கம்பியைத் தொட்டாலும் விட்டாலும் ஒன்றுதான். ஆனால் டியூப் லைட் பக்கம் திரும்பினால் லேசாக இரைகிறது, ஜன்னல் பக்கம் திரும்பினால் இல்லை.

பதுளை ரேடியோ:
அது காந்தப்புலம் வழியாக வருவது, செம்பு டேப் அதைத் தடுக்காது. சுவிட்சை 2இலும் 4இலும் வைத்துப் பாருங்கள். அங்கே நடு பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்; நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றியதாக இருந்தால் இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அழித்து அடங்கும்.

ஹட்டன் தம்பி:
இரண்டிலும் குறையவில்லை அண்ணே.

பதுளை ரேடியோ:
அப்போது மூன்றும் ஒரே திசைச் சுற்று. நடுவுக்கு மட்டும் எதிர்ச்சுற்று, எதிர்க்காந்தம் உள்ள பிக்கப் ஒன்று கேட்டு வாங்குங்கள். அவசரமில்லை, அதுவரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாசியுங்கள்.