இந்த வெயில்லயும் பாண்டிக்கு ஏன் இவ்ளோ கூட்டம்?

கேள்வி: மே மாசம் போயிட்டு வந்தேன், சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு, பீச்னு போய் பாத்தா முழுக்க கருங்கல்லு, ஆனா ரூம் மட்டும் கிடைக்கவே இல்ல. அப்படி என்னதான் இருக்கு அங்க?

பதில் 1: சரக்கு விலை கம்மி, வேறென்ன 😀

பதில் 2: அது மட்டும் இல்லீங்க. சாயங்காலம் 6 மணிக்கு பீச் ரோட்ல வண்டிய நிறுத்திடுவாங்க, காந்தி சிலை பக்கம் ஹாரன் சத்தமே இல்லாம பிள்ளைங்க நடுரோட்ல ஓடும், கைல சுண்டல் பொட்டலத்தோட காத்து வாங்கலாம், மத்த ஊர்ல இப்படி எங்க நடக்க முடியுது?

பதில் 3: 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, அதான் மஞ்சச் சுவரு, காகிதப்பூ, போலீஸ்காரர் தலையில செவப்புத் தொப்பி எல்லாம். மணல் வேணும்னா ஆட்டோக்காரர்கிட்ட செரினிட்டி பீச்னு சொல்லுங்க, சர்ஃபிங் கத்துக்கவே அங்க ஆள் வருது. அடுத்த தடவ ஜனவரில போங்க பாஸ்.