நுரையீரல் சார்காய்டோசிஸ்: ஸ்டீராய்டா, மெத்தோட்ரெக்சேட்டா?

மாடிப்படி:
வணக்கம். வயது 41. எட்டு மாதமாக வறட்டு இருமல். முதலில் டிபி என்று சந்தேகப்பட்டார்கள், சளியில் ஒன்றும் வரவில்லை, அப்புறம் நெஞ்சுக்குள் இருக்கும் நெறிகட்டியில் ஊசி விட்டு எடுத்த பயாப்சியில்தான் சார்காய்டோசிஸ் என்று தெரிந்தது, அதாவது உறுப்புகளுக்குள் கிரானுலோமா என்கிற சின்னச் சின்ன அழற்சிக் கட்டிகள் வரும் நோய். எஃப்விசி, அதாவது முழுசாக இழுத்து ஊதும் மூச்சின் அளவு, இருக்க வேண்டியதில் 68 சதவீதம். இரண்டாவது மாடி ஏறினால் கதவுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் சாவியை எடுக்க முடிகிறது. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் இரண்டில் எதில் தொடங்கலாம் என்று யோசித்து வாருங்கள் என்கிறார் டாக்டர். ஹெச்பிஏ1சி 6.3, அதாவது சர்க்கரை வாசலில் நிற்கிறது. மெத்தோட்ரெக்சேட் என்று தேடினால் புற்றுநோய் மருந்து என்று வருகிறது, அதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. இரண்டையும் சாப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சும்மாஇரு:
எனக்கு மருந்தே தரவில்லை. எக்ஸ்ரேயில் நெறிகட்டி மட்டும்தான், தானாகவே போய்விட்டது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே?

சனிக்கிழமைக்காரன்:
சும்மாஇரு சொல்வது நெறிகட்டி மட்டும் இருக்கும் முதல் நிலைக்குச் சரி, அதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தானாகவே அடங்கிவிடும். 68 சதவீதமும் மாடிப்படியில் மூச்சிரைப்பும் வேறு கதை.

நான் இரண்டையும் பார்த்தவன். ப்ரெட்னிசோலோன் 40 மில்லிகிராமில் தொடங்கினேன், பத்தே நாளில் இருமல் நின்றது, தெய்வமே என்று இருந்தது. மூன்றாவது மாதம் என் முகத்தை என் போனே அடையாளம் தெரியாமல் பூட்டிக்கொண்டது. 11 கிலோ ஏறினேன். ராத்திரி இரண்டு மணிக்கு அலமாரி அடுக்கிக்கொண்டிருப்பேன். 7.5-க்குக் கீழே இறக்கும்போதெல்லாம் இருமல் திரும்பி வந்ததால் மெத்தோட்ரெக்சேட் சேர்த்தார்கள், அது வேலை செய்யவே நான்கு மாதம் ஆனது. சனி ராத்திரி சாப்பிட்டால் ஞாயிறு முழுக்கக் குமட்டலும் அசதியும், திங்கள் காலை ஆளாகிவிடுவேன்.

புற்றுநோய் மருந்து என்ற பயத்தை விடுங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற அதே சின்ன அளவுதான், வாரத்துக்கு 10 முதல் 15 மில்லிகிராம். முன்பெல்லாம் ஸ்டீராய்டு சரிப்படாதபோதுதான் இதற்கு வருவார்கள். 2025-இல் நெதர்லாந்தில் 138 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது: முதல் மருந்தாகவே இரண்டையும் ஒப்பிட்டார்கள், 24 வாரத்தில் எஃப்விசி இரு பக்கமும் ஏறக்குறைய 6 முதல் 7 சதவீதப் புள்ளி ஏறியது. ஸ்டீராய்டு சீக்கிரம் ஏற்றியது, மெத்தோட்ரெக்சேட் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. சர்க்கரை வாசலில் இருக்கிற உங்களுக்கு அந்தத் தாமதம் பெரிய விலை இல்லை என்பது என் கட்சி. மூச்சு ரொம்ப மோசமாகிக்கொண்டே போனால் மட்டும் ஸ்டீராய்டு. அதையும் 40 வேண்டுமா, 20 போதுமா என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன்.

மருந்துக்கடை:
நான் மருந்தாளுநர், தொழிலில் பயந்த விஷயத்தைச் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள். தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து ஆபத்தில் வந்தவர்கள் உண்டு. அட்டையிலேயே மார்க்கரில் கிழமையை எழுதிவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். டிரைமெத்தோப்ரிம் கலந்த ஆன்டிபயாடிக் யார் தந்தாலும் இந்த மருந்து சாப்பிடுவதைச் சொல்லுங்கள், இரண்டும் சேரக்கூடாது. கல்லீரல், ரத்த எண்ணிக்கை சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், குடி இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். குழந்தைத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே பேசுங்கள்.

ஸ்டீராய்டு என்றால் எலும்புக்கு என்று கால்சியமும் வைட்டமின் டி-யும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இந்த நோயில் கிரானுலோமாக்களே வைட்டமின் டி-யை வீரியமான வடிவத்துக்கு மாற்றுவதால் ரத்தத்தில் கால்சியம் எகிறும், சிறுநீரகம் மாட்டிக்கொள்ளும். முதலில் ரத்தச் சோதனை. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மாடிப்படி:
கால்சியம் மாத்திரை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன், எடுத்து ஓரம் வைத்தாயிற்று. இரண்டும் ஒத்துவராவிட்டால்?

சனிக்கிழமைக்காரன்:
அசாதயோப்ரின், லெஃப்லுனோமைடு என்று வரிசை இருக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி, அதற்கு முன் உள்ளே டிபி ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். அது ரொம்ப தூரம். இந்த நோய் கண்ணையும் இதயத்தையும் தொடலாம், கண் பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்தாயிற்றா, அதை முதலில் சொல்லுங்கள்.

மாடிப்படி:
ஈசிஜி சரி. கண்ணை யாருமே பார்க்கச் சொல்லவில்லை. நாளைக்குப் போகிறேன்.