பதில்: ‘ஷூ ஷைனிங்’ – ‘நாடா அலைச்சல்’ எனலாம்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

> காப்புச் சேவையகம் மந்தமாகி, நாடா இயக்ககம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருப்பதை ‘ஷூ ஷைனிங்’ என்கிறார்கள். ‘காலணி மெருகேற்றம்’ எனலாமா?

வேண்டாம். துணியின் இரு முனைகளையும் பிடித்துக் காலணியைத் தேய்க்கும் காட்சி மனத்தில் இருப்பவருக்குத்தான் அந்தப் பெயர் பொருள் தரும். தமிழில் முதன்முறை படிக்கும் மாணவர், காப்புப்பிரதிப் பாடத்தில் காலணி எங்கிருந்து வந்தது என்றுதான் திகைப்பார்.

பெயருக்கு முன் நிகழ்வைப் பார்ப்போம். எழுதும் வேளையில் எல்டிஓ நாடா (காப்புப்பிரதிக்குப் பயன்படும் காந்த நாடா வகை) விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சேவையகத்திலிருந்து தரவு வருவது தடைப்பட்டால் வரும் தரவைச் சற்றே தேக்கிவைக்கும் இயக்ககத்தின் இடையகம் காலியாகிவிடும். எழுத ஒன்றுமில்லாமல் நாடா நின்றாக வேண்டும். ஆனால் அது நினைத்த மாத்திரத்தில் நிற்காது, எழுதி முடித்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். அடுத்த தரவை எழுதுவதற்குப் பின்னோக்கி ஓடி, அந்த இடத்துக்கும் முன்னால் நின்று, மறுபடி வேகமெடுத்து, விட்ட இடத்தை எட்டியதும் எழுதத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் வீண். இரவெல்லாம் இப்படி ஓடினால் வேகம் சரிவதோடு நாடாவும் அதில் எழுதும் தலையும் தேய்கின்றன.

ஆக, தொல்லை தெரியும் இடம் இயக்ககம். அதன் வேர் தரவு வரும் வழியில் இருக்கிறது. நாம் வைக்கும் சொல் இதை மறைத்துவிடக் கூடாது. குழுவில் வந்த ‘நாடா மந்தம்’ என்ற பரிந்துரையை நான் எதிர்ப்பது இதனால்தான். அதைப் படிப்பவர் பழி இயக்ககத்தின் மேல் என்று நம்பி, இன்னும் வேகமான ஒன்றை வாங்கிப் பொருத்துவார். வேகமான இயக்ககத்துக்கு இன்னும் கூடுதல் தரவு வேண்டும். நிலைமை முன்னைவிட மோசமாகும்.

‘தறியோட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தது அழகான எண்ணம். ஊடிழை கோக்கும் தறிக் கருவிக்கும் நம் மொழியில் நாடா என்றே பெயர். ஆனால் தறியின் நாடா போகும்போதும் வரும்போதும் ஓர் இழையை விட்டுச் செல்கிறது. இங்கே பின்னோக்கி ஓடும்போது ஒரு பிட்கூடப் பதிவதில்லை. அந்தச் சொல்லுக்கு வேறு பொருத்தமான வேலை இருக்கிறது. எல்டிஓ நாடா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எழுதிப் போய், அங்கிருந்து எழுதிக்கொண்டே திரும்பும். எல்டிஓ-8 நாடா நிரம்ப அதன் 960 மீட்டர் நீளத்தில் போவதும் வருவதும் தனித்தனியாக எண்ணி 208 முறை இப்படி ஓட வேண்டும். இந்த முறையான ஓட்டத்துக்குத் தறியோட்டம் என்ற பெயரை வைத்துக்கொள்வோம்.

என் முன்மொழிவு ‘நாடா அலைச்சல்’. பயனின்றிப் போவதும் வருவதும், அதனால் உண்டாகும் களைப்பும் இந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. வினையாகவும் எளிதில் வருகிறது: நாடா அலைகிறது, தரவு போதாமல் நாடாவை அலையவிடுகிறோம். ‘அலையவிடுகிறோம்’ என்னும்போதே எந்தப் பக்கம் பழுது என்பதும் விளங்கிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்க்கலாம். எல்டிஓ-8 இயக்ககம் தரவைச் சுருக்காமல் எழுதும் உச்ச வேகம் விநாடிக்கு 360 மெகாபைட். தரவு குறைந்தால் அது தன் வேகத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை தணித்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் அலைச்சல்தான். 1 கிகாபிட் பிணையம் கணக்குப்படியே விநாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் தராது. ஏற்கெனவே சுருக்கிய படங்களும் காணொளிகளும் இந்த விளிம்பில் எப்படியோ ஓடிவிடலாம். பதிவுக் கோப்புகளையும் தரவுத்தள நகல்களையும் இயக்ககம் பாதியாகச் சுருக்குகிறது என்று வையுங்கள். நாடாவில் 120 மெகாபைட் எழுத, பிணையம் 240 கொண்டுவந்தாக வேண்டும். அதே கம்பி, அதே இயக்ககம். கோப்பின் வகை மாறியதும் நாடா அலைகிறது.

---

> என் முன்மொழிவு ‘நாடா அலைச்சல்’.

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. இரண்டு ஐயங்கள். ஒரே ஒரு முறை பின்னோக்கி ஓடி நிலைகொள்வதையும் அலைச்சல் என்பதா? கையேடுகளில் அதற்குத் தனிப்பெயர் இருக்கிறது. இரண்டாவது, மின்னணுவியலில் ‘அலை’ வேறு பொருளில் நிலைத்துவிட்டது. மாணவர்கள் குழம்ப மாட்டார்களா?

---

நல்ல கேள்விகள். தனி நிகழ்வை ‘பின்னிழுப்பு’ எனலாம். பின்னிழுப்பு எப்போதாவது நேர்வது இயல்பு, பழுதன்று. அது ஓயாமல் தொடர்வதே அலைச்சல். இந்த வேறுபாட்டை எழுப்பியதற்கு நன்றி, சொற்பட்டியல் உள்ளீட்டில் இது கட்டாயம் வர வேண்டும்.

‘அலை’யைப் பற்றி எனக்கு அச்சமில்லை. அலைவரிசை, அலைநீளம் என்று வருபவை எல்லாம் ‘அலை’ மட்டுமே. ‘அலைச்சல்’ என்ற வடிவத்தை அந்தத் துறை தொடவில்லை. ஆனால் ‘நாடா’ என்ற முன்னொட்டை விட்டுவிடக் கூடாது. விட்டால் வன்வட்டின் தலை இடம்விட்டு இடம் தாவுவதற்கும் நினைவகப் பக்கங்கள் மாறிமாறி இடம்பெயர்வதற்கும் இதே சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

விளக்கக் குறிப்பில் கண்டறியும் வழியும் இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம். இயக்ககத்தையும் மூலத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். வெறும் சுழியங்களை எழுதி இயக்ககத்தைச் சோதித்தால், அது அவற்றைச் சுருக்கித் தள்ளி நம்ப முடியாத வேகத்தைக் காட்டும். நினைவகத்தில் வைத்த, சுருக்க முடியாத தற்போக்குத் தரவே (ஒழுங்கின்றி அமைந்த தரவு) சரியான சோதனை. மூலத்தை அளக்க, கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையின் வெளியீட்டை நேரே, வருவதையெல்லாம் வீசிவிடும் ‘நல்’ சாதனத்துக்கு அனுப்பினால், குனு டார் (அக்கட்டளையின் பரவலான வடிவம்) அதைக் கண்டுகொண்டு கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிக்காமலே முடித்துவிடும். இடையில், வந்ததை அப்படியே கடத்தும் ‘கேட்’ கட்டளைக்குக் குழாயிட்டு அனுப்ப வேண்டும். மூலம் மெதுவென்று தெரிந்துவிட்டால், முதலில் வேகமான வட்டில் சேர்த்துவைத்து அங்கிருந்து நாடாவுக்கு அனுப்புவதே நல்ல தீர்வு. பேக்குலா என்ற காப்புப்பிரதி மென்பொருளில் இதற்கான ஸ்பூலிங் வசதி இருக்கிறது. சிறு கோப்புகள் இலட்சக்கணக்கில் இருக்கும் இடத்தில் இது மிகவும் உதவும்.

மறுப்பு இல்லையென்றால் ‘நாடா அலைச்சல்’, ‘பின்னிழுப்பு’ இரண்டையும் தனித்தனி உள்ளீடுகளாகச் சேர்த்துவிடுகிறேன். ‘தறியோட்டம்’ பற்றித் தனி இழையில் பேசுவோம்.