ரேடியோவில் பேசியவர்கள், பேசக் கேட்டவர்கள்: மறக்காத ஒரு விசயம் சொல்லுங்கள்

இட்டேரிக்காரன்
பத்து வருசமாக மனதை அரிக்கிறது, அதனால் எழுதுகிறேன். ஊர்ப் பெரியவர்களைப் பேச வைக்கிறோம் என்று ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் கேட்டார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் கரகரக்குமே, அந்த மாதிரி நிலையம். எங்கள் அப்பாரு கரண்ட் மோட்டார் வருவதற்கு முன்னால் கவலை இறைத்தவர், அதாவது மாடு பூட்டிச் சாலில் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுத்தவர், அப்போது பாடுகிற பாட்டு நிறையத் தெரியும். சலவை வேட்டி, சவரம் எல்லாம் செய்து கூட்டிப்போனேன். ஏசி ரூமில் உட்கார வைத்து மைக்கைக் கிட்டே இழுத்து, "பாடுங்க தாத்தா" என்றது நிலையத்துப் பெண். அவர் வாயே திறக்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "மாடு இல்லாம எப்படிறா பாடறது?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு கயிற்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தது. எழுந்துவிட்டார். மாடு சரிவில் இறங்குகிற மாதிரி முன்னால் நாலு எட்டு, ஏறுகிற மாதிரி பின்னால் நாலு எட்டு, நடந்துகொண்டே பாட, அது மைக்கைப் பிடித்தபடி கூடவே முன்னும் பின்னும் நடந்தது. சால் மேலே வந்து தண்ணீர் கொட்டுகிற இடம் வந்ததும் பாட்டு நின்றது, மூச்சு வாங்கினார், மறுபடி எடுத்தார். சின்னதிலிருந்து கேட்ட பாட்டுதான், ஆனால் உட்கார்ந்த இடத்தில் பாடித்தான் கேட்டிருக்கிறேன். தண்ணீர் கொட்ட அதில் இடம் விட்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒலிபரப்பில் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். இப்போது அவரும் இல்லை. பதிவைக் கேட்டால் ஹார்டு டிஸ்க் போய்விட்டதாம்.

தறிக்குடோன்
சோமனூர்ப் பக்கம். நான் போன் போட்டது மட்டும்தான். பொழுதோட ஷிப்டில் காதில் ஹெட்போன். ஒரு எழுத்தாளர் தன் நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், தறி ஓட்டுகிற குடும்பத்துக் கதை. தறி ஓடும்போதே ஒருத்தி பக்கத்தில் தொட்டில் கட்டித் தாலாட்டுப் பாடுகிறாளாம். எந்தக் குழந்தைக்குக் கேட்கும்? சண்டை பிடிக்கத்தான் நம்பர் போட்டேன், உடனே லைன் கிடைத்துவிட்டது. "பின்னால சத்தமா இருக்குங்க, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசறீங்களா" என்றார் தொகுப்பாளர். அந்த எழுத்தாளர் குறுக்கே விழுந்து, "போகாதீங்க, போனைத் தறிகிட்ட வைங்க" என்றார். வைத்தேன். அரை நிமிசம் ரேடியோவில் வெறும் தறிச் சத்தம்தான். அப்புறம் அவர், "சரிங்க, தப்பு என்னோடதுதான்" என்றார், லைன் போய்விட்டது.

அவர் தப்பென்று சொன்னதும்தான் எனக்கு ஞாபகமே வந்தது. எங்கம்மா பாடியிருக்கிறாள். தொட்டிலில் போட்டல்ல, மடியில் வைத்துக்கொண்டு, காதோடு வாயை வைத்து. அதை அவருக்கு யார் சொல்வது?

மீடியம்வேவ்
இட்டேரிக்காரரே, வெட்டாமல் என்ன செய்வார்கள்? கோவை வானொலி 1966-இல் வந்தது, நான் மீடியம்வேவ் 999-இல் கேட்டு வளர்ந்தவன். பத்து நிமிசப் பேச்சு என்றால் பத்து நிமிசம்தான், டெல்லிச் செய்தி உங்கள் அப்பாருக்காகக் காத்திருக்காது. நானும் ஒருதரம் மஞ்சள் சாகுபடி பற்றி ஒரு நிலையத்தில் பேசினேன், எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பேச்சுதான், வாய் தவறி ஒரு உரக் கம்பெனிப் பெயரைச் சொல்லிவிட்டேன், மறுபடி முதலிலிருந்து. என் கதை அவ்வளவே.

இனிமேல் போகிறவர்கள் கவனிக்க. தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், திருப்பாமல் மேசையில் நகர்த்துங்கள், சரசரப்பு மைக்கில் கேட்கும். பெண்கள் வளையலைக் கழற்றிவிடலாம். தயிர் வேண்டாம், வெந்நீர் நல்லது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடம் விடுங்கள், 'ப' வருகிற சொல்லுக்கு முகத்தைச் சித்தே திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டப் டப் என்று அடிக்கும். உங்கள் புத்தகத்தைப் பேட்டி எடுப்பவர் படித்திருக்க மாட்டார் என்றே வைத்துக்கொண்டு கதையை நாலு வரியில் தயாராக வையுங்கள். பதிவு முடிந்த அன்றைக்கே பென்டிரைவில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள், வாங்கியிருந்தால் மேலே ஒருவர் புலம்ப வேண்டி வந்திருக்காது. முக்கியமாக அந்த 'ங்க'வைக் குறையுங்கள், எல்லா ஊர்க்காரர்களும் கேட்பார்கள்.

பவானி அம்மிணி
அண்ணா, அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். எங்கள் சின்னம்மா ஜமக்காளம் நெய்தவர். சமுதாய வானொலிப் பேட்டியில் "அன்னைக்கு ஊட்ல ஒரம்பரை வந்திருந்தாங்க" என்று ஆரம்பித்தார். "உறவினர்கள்னு சொல்லுங்கம்மா" என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் பேசியது மேடைப் பேச்சு. வருகை புரிந்தார்கள், உணவு அருந்தினார்கள்! ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம், சின்னம்மா பாதியிலேயே "இது யாரு பேசறது?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

கல்லூரிகள் மட்டும் நடத்திக்கொண்டிருந்த சமுதாய வானொலியை 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்களோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று விதியே போட்டார்கள். உள்ளூர் ஆளை உட்கார வைத்துவிட்டு உள்ளூர்ப் பேச்சை வெளியே நிறுத்தினால் அது என்ன கணக்கு?

மீடியம்வேவ்
நான் சொன்னது ஆகாசவாணி. நீங்கள் சொல்வது சமுதாய வானொலி. குழப்ப வேண்டாம்.

பவானி அம்மிணி
தயிர் வேண்டாம் என்றது எதற்கு, ஆகாசவாணிக்கா?

கிணத்துமேடு
இட்டேரிக்காரத் தம்பி, உங்கள் அப்பாரு இறைத்தது ஒத்தைக் கவலையா, ரெட்டையா? எங்கள் தோட்டத்தில் ரெட்டை, ஒரே கிணற்றில் இரண்டு பேர் இறைப்போம். நான் நிறுத்துகிற இடத்தில் எதிர்ப்பக்கத்து ஆள் பாட்டை எடுப்பார். அவர் மூச்சு வாங்கத்தான் நின்றாரா, எதிர்ப்பக்கம் எடுக்கட்டும் என்று நின்றாரா, கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.