தெரியாத வங்கி தரும் கடனட்டையை வாங்கலாமா?

வெள்ளவத்தைவாசி: கொள்ளுப்பிட்டியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வங்கியின் விற்பனை முகவர் வந்து, முதலாண்டுக் கட்டணம் இல்லை என்று கூறிக் கடனட்டை விண்ணப்பத்தைத் தந்துவிட்டுப் போனார். அந்த வங்கியில் எனக்குக் கணக்கு இல்லை, பழக்கமும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வாங்கலாமா?

நிலாமதி: எந்த வங்கி? உங்களிடம் ஏற்கெனவே வேறு அட்டை இருக்கிறதா? வட்டி வீதத்தையும் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா?

கணக்குப்பிள்ளை: இதே கேள்விக்கு இங்கு பலமுறை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்கும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கேட்கிறீர்கள். உரிமம் பெற்ற வங்கிகளின் பட்டியலை இலங்கை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. பெயர் அதில் இல்லையென்றால் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுங்கள். இருந்தாலும் சிறிய வங்கியை நான் நம்புவதில்லை: வங்கி நொடிந்தால் வைப்பாளருக்குப் பணம் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான்.

தெஹிவளையான்: அண்ணா, வைப்புக் காப்புறுதிக்கும் கடனட்டைக்கும் என்ன தொடர்பு? அட்டையில் கடன்காரர் நாம்தான். நம் பணம் அவர்களிடம் இல்லை, அவர்களுடைய பணம்தான் நம்மிடம் இருக்கும். அச்சமெல்லாம் அவர்களுக்குத்தான் இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை: வங்கி நொடிந்தால் அந்தக் கடனை யார் எப்படி வசூலிப்பார்கள் என்பதையும் தாங்களே விளக்கிவிடுங்கள், தம்பி.

தெஹிவளையான்: யார் பொறுப்பேற்றாலும் கடன் கடன்தான். அதைத் திருப்பிக் கட்டும் எண்ணமுள்ளவருக்கு அதனால் நேரும் இழப்பு என்ன?

மருதன்: எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சும்மா விண்ணப்பித்தாலே கிரிப் பதிவு, அதாவது நம் கடன் வரலாறு, கெட்டுவிடும், பின்னர் வீட்டுக்கடன் கிடைக்காது.

நிலாமதி: அவ்வளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் நாம் கிரிப் என்கிறோம்; அதன் பதிவில் ஒருவரைக் கெடுப்பது முக்கியமாகத் தவணை தவறுவதுதான். ஆனால் வீட்டுக்கடன் எண்ணம் இருந்தால், பயன்படுத்தாத அட்டையின் கடன் எல்லையையும் வங்கிகள் கணக்கில் எடுக்கக்கூடும் என்பதால் எல்லையைக் குறைத்துக் கேளுங்கள்.

வெள்ளவத்தைவாசி, வங்கியின் பெயரைவிட நிபந்தனைகளே முக்கியம். வட்டி நிலையானதன்று: 2020இல் மத்திய வங்கி கடனட்டைக்கு 18 சதவீத உச்சவரம்பு விதித்தது, 2022இல் வரம்பு நீங்கியதும் வீதம் 36 சதவீதம் வரை ஏறியது. உதாரணத்துக்கு 28 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இலட்சம் ரூபாய் நிலுவைக்கு மாத வட்டி சுமார் 2,333 ரூபாய். குறைந்தபட்சத் தொகையாக 5,000 ரூபாய் கட்டினால் அசலில் கழிவது சுமார் 2,667 ரூபாய்தான். மாதந்தோறும் முழு நிலுவையையும் கட்டிவிடுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அட்டையால் காசு எடுத்தால் மட்டும் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். ஆகவே கட்டண அட்டவணையை எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம்.

தெஹிவளையான்: இன்னொன்று: முகவர் நிரப்பாத படிவத்தில் கையொப்பம் கேட்டாலோ, தொலைபேசிக்கு வரும் ஓடிபியைக் கேட்டாலோ கொடுக்காதீர்கள். அடையாள அட்டைப் பிரதியையும் சம்பளச் சிட்டையையும் நேராகக் கிளைக்குச் சென்று ஒப்படைப்பதே நல்லது. பிறகு வங்கியோடு தகராறு வந்து அவர்கள் தீர்க்காவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கு முறையிடலாம்.

கணக்குப்பிள்ளை: இவை யாவும் என் பழைய பதிவுகளில் இருக்கின்றன.

வெள்ளவத்தைவாசி: நன்றி. பெயர் பட்டியலில் இருக்கிறது. முகவர் அனுப்பிய அட்டவணையின்படி இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டணம் உண்டு. அதை அவர் சொல்லவே இல்லை. இன்னும் கையொப்பமிடவில்லை.

நிலாமதி: நல்லது. வட்டி எத்தனை சதவீதம் என்று அதில் போட்டிருக்கிறது? வேறு அட்டை இருக்கிறதா என்றும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை.