கைதி 2: இன்னும் காத்திருப்பதா, விட்டுவிடுவதா?

சங்ககிரி_லைன்வண்டி
கார்த்தி லாரி ஓட்டுபவராக நடித்த கைதி படம் வந்தது 2019 அக்டோபர் 25. அதற்கப்புறம் ஆறு தீபாவளி போய்விட்டது. அதன் இயக்குநர் லோகேஷ் கனகராஜ், மாஸ்டர், விக்ரம், லியோ, கூலி என்று நான்கு படங்களை முடித்துவிட்டார். ஒவ்வொன்றும் வெளியாகும் சமயத்தில் "அடுத்தது கைதி 2தான்" என்று பேச்சு கிளம்பும். அடுத்து வருவது வேறு படமாக இருக்கும்.

நான் இதை விடாமல் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கப்பா லைன் வண்டி ஓட்டியவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வீடு திரும்ப இருபது நாள் ஆகும், சில சமயம் ஒரு மாதமும் ஆகும். சின்ன வயதில் அவர் வந்து இறங்கும்போது நான் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேனாம். அவரை கைதிக்குக் கூட்டிப்போனேன். முதல் அரை மணி நேரம் கார்த்தி கியர் போடுவதையும் ஸ்டியரிங் ஒடிப்பதையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டத் தெரிஞ்சவன் மாதிரிதான் உட்கார்ந்திருக்கறான்" என்றார். கேபினில் டில்லி, அதுதான் கார்த்தியின் வேடம், தன் மகளைப் பற்றிப் பேசும் காட்சி வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. இடைவேளையில் வாங்கிக் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இந்தப் படத்துக்கு அடுத்த பாகம் வரவேண்டும். எத்தனை வருடம் ஆனாலும் நான் காத்திருப்பேன். நீங்க என்ன சொல்றீங்க?

திருப்பூர்_தையல்
நான் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் பனியன் தொழிலில் ஆர்டர் எடுக்கும்போதே கப்பல் தேதி எழுதிக் கொடுக்கிறோம். சாயப்பட்டறை தாமதம், நூல் வரவில்லை, கரண்ட் இல்லை என்று ஆயிரம் காரணம் இருக்கும். வெளிநாட்டுக்காரன் ஒன்றையும் கேட்க மாட்டான். கப்பல் தவறினால் சரக்கை விமானத்தில் ஏற்றி அனுப்பவேண்டும், அந்தச் செலவு நம் தலையில். அந்த ஆர்டரில் லாபம் முழுக்கப் போய்விடும், சில சமயம் முதலும் போகும். அப்படியும் அனுப்புகிறோம். வாக்குக் கொடுத்துவிட்டோம் இல்லையா?

சினிமாக்காரர்கள் மேடைக்கு மேடை வாக்குக் கொடுக்கிறார்கள், நாம் கைதட்டுகிறோம். தள்ளிப்போனால் அதற்கு விலை கொடுப்பது அவர்கள் இல்லை, நாம்தான். தேதி சொல்ல முடியாவிட்டால் பெயரையே சொல்லக்கூடாது.

கிணத்துக்கடவு_காத்து
தையல் அண்ணா, பனியனையும் படத்தையும் ஒரே தராசில் வைக்காதீங்க. ஒரே அளவில் பத்தாயிரம் உருப்படி தைப்பது வேறு, ஒரு கதையை எழுதி முடிப்பது வேறு.

லோகேஷ் எங்கள் ஊர்ப் பையன். 2017-ல் மாநகரம் வந்தபோது இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. இரண்டாவது படமே கைதி. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, முழுக்க ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. அதே நாளில் பிகில் வந்தது. முதல் நாள் கைதிக்கு இருந்த தியேட்டர்கள் எத்தனை, அடுத்த வாரம் கூடிய தியேட்டர்கள் எத்தனை என்று நினைத்துப் பாருங்க. அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியது பார்த்துவிட்டு வந்தவர்களின் வாய்ப்பேச்சு. அப்படி வந்த படத்துக்கு அடுத்த பாகத்தை அவசரத்தில் எடுத்து ஓடாமல் போனால் முதலில் திட்டப்போவதும் நாம்தான்.

கார்த்தி பக்கமும் பார்க்கணும். பொன்னியின் செல்வனுக்கே இரண்டு பாகம், நடுவில் சர்தார், அப்புறம் மெய்யழகன். இரண்டு பேருடைய கால்ஷீட்டும் ஒரே நேரத்தில் கூடி வந்தால்தானே படம்?

ஈரோடு_மஞ்சமண்டி
கால்ஷீட் காரணத்தை ஒரு வருடத்துக்கு, இரண்டு வருடத்துக்குச் சொல்லலாம். ஆறு வருடத்துக்குச் சொன்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஊரில் மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போட்டு, விலை வரட்டும் என்று குடோனில் இருப்பு வைப்பார்கள். ஒரு வருடம் வைக்கலாம், இரண்டு வருடமும் வைக்கலாம். அதற்கு மேல் போனால் வண்டு விழும். மூட்டையைக் குத்தூசியால் குத்தி எடுத்துப் பார்த்தால் விரலி வெளியே நன்றாகத்தான் தெரியும், உடைத்தால் உள்ளே பொடிப்பொடியாக உதிரும். தொடர்ச்சிப் படங்களுக்கும் இதுதான் நடக்கிறது என்பது என் கருத்து. இந்தியன் வந்தது 1996, இரண்டாம் பாகம் 2024. இருபத்தெட்டு வருடம்! சேனாபதியை மறுபடி பார்க்க எங்கள் குடும்பமே கிளம்பிப் போனது. வெளியே வந்து காரில் ஏறியபோது யாருக்கும் பேச ஒன்றும் இல்லை.

வடசென்னை ரசிகர்களும் 2018-லிருந்து இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் முடியும்போது 'அன்புவின் எழுச்சி' என்று திரையில் போட்டுக்காட்டி அனுப்பினார்கள். இன்றுவரை எழவில்லை. கைதிக்கும் அதே கதி என்று மனதைத் தேற்றிக்கொள்வது நல்லது.

சேலம்_பழையபடம்
இந்த மண்ணில் படம் எடுத்தவர்கள் தேதியை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று சொல்கிறேன். எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர்.சுந்தரம் நூற்றுக்கும் மேல் படங்கள் தயாரித்தார். நேரம் தவறினால் எவ்வளவு பெரிய நடிகரானாலும் விடமாட்டார் என்பது பெரியவர்கள் எல்லோரும் சொல்லும் பேச்சு. கோவை ராமநாதபுரத்தில் பிறந்த சாண்டோ சின்னப்பா தேவர் எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் 16 படம் எடுத்தார். 1956-ல் தாய்க்குப்பின் தாரம், 1972-ல் நல்ல நேரம். பூஜை போட்ட வேகத்தில் படம் தியேட்டருக்கு வந்துவிடும்.

இன்று ஒரு படத்துக்கு அறிவிப்புக்கு ஒரு வீடியோ, தலைப்புக்கு ஒரு வீடியோ, தேதிக்கு ஒரு வீடியோ, அப்புறம் அந்தத் தேதி மாறியதற்கு ஒரு போஸ்டர். வேலை செய்யும் நேரத்தை விட அறிவிக்கும் நேரம் அதிகமாகிவிட்டது. திருப்பூர்க்காரர் சொல்வதுதான் சரி.

கிணத்துக்கடவு_காத்து
அய்யா, தேவரை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். தாய்க்குப்பின் தாரம் முடிந்ததும் தேவரும் எம்.ஜி.ஆரும் மனஸ்தாபத்தில் பிரிந்தார்கள். மறுபடி சேர்ந்தது 1961-ல், தாய் சொல்லைத் தட்டாதே படத்தில். நடுவில் ஐந்து வருடம். அன்றைக்கு ரசிகர்கள் "இனி இந்தக் கூட்டணி அவ்வளவுதான்" என்று விட்டிருந்தால் மிச்சம் 15 படம் எப்படி வந்திருக்கும்?

சேலம்_பழையபடம்
அது உண்மைதான் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் "அடுத்த படம் இதோ வருகிறது" என்று யாரும் ஆசை காட்டிக்கொண்டிருக்கவில்லை. பிரிந்தார்கள், பேசாமல் இருந்தார்கள். சேர்ந்தார்கள், படம் வந்தது. என் மனத்தாங்கல் தாமதத்தின் மேல் இல்லை, ஆசை காட்டியதன் மேல்.

உடுமலை_டீச்சர்
எல்லோரும் இயக்குநரைப் பற்றியும் தேதியைப் பற்றியும் பேசுகிறீர்கள். டில்லியின் மகள் அமுதாவைப் பற்றி யாரும் பேசவில்லையே?

டில்லி பத்து வருடம் சிறையில் இருந்தவன். மகளின் முகத்தையே பார்த்ததில்லை. அந்தக் குழந்தை ஆசிரமத்தில், காலையில் தன்னைப் பார்க்க யாரோ வரப்போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து தூங்க முடியாமல் கிடக்கும். யார் வரப்போகிறார்கள் என்றுகூட அதற்குத் தெரியாது. நான் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். பெற்றோர் கூட்டத்தன்று யார் வீட்டில் ஆள் வரமாட்டார்கள் என்று அந்தப் பிள்ளைகளின் உட்காரும் விதத்திலேயே தெரிந்துவிடும். பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அமுதா அப்படி உட்கார்ந்திருந்தாள்.

படத்தில் அவளுக்குப் பத்து வயது இருக்கும். நிஜத்தில் ஆறு வருடம் போய்விட்டது. அந்த வேடத்தில் நடித்த குழந்தையும் வளர்ந்துவிட்டது. இனி மறுநாள் காலையிலிருந்து கதையைத் தொடர முடியாது. அப்பாவும் மகளும் முதல் முறையாக ஒரே வீட்டில் சோறு தின்ற நாட்கள், அவள் அவனை "அப்பா" என்று கூப்பிடப் பழகிய நாட்கள், இதையெல்லாம் படமாக எடுத்திருக்கக்கூடிய வருடங்கள் போயே போய்விட்டன. தாமதத்தில் எனக்கு வலிக்கிற இடம் இதுதான். படம் தாமதமானால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு குழந்தையின் பத்து வயதைப் பிறகு எடுக்க முடியாது.

திருப்பூர்_தையல்
டீச்சர் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. என் கணக்கு முழுக்கத் தேதிக் கணக்காகவே இருந்துவிட்டது.

அதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விக்ரமில் ரோலக்ஸ் என்கிற பெரிய வில்லன் முன்னால் கைதியின் வில்லன்கள் அடைக்கலமும் அன்பும் வந்து நின்றபோது தியேட்டரே எழுந்து கத்தியது. நானும்தான் கத்தினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஒரு பயம் வந்தது. லாரி, பிரியாணி, நெற்றியில் ஒரு கை திருநீறு, இவ்வளவுதான் டில்லி. அவனைக் கொண்டுபோய் இத்தனை பெரிய கூட்டத்துக்கு நடுவே நிறுத்தினால் அவன் என்ன ஆவான்? படம் வராமலே போகட்டும் என்று நான் நினைப்பதற்கு அந்தப் பயமும் காரணம்.

கோபி_வாய்க்கால்
அந்தப் பயம் நியாயமானது. கைதியையே ஹிந்தியில் 2023-ல் போலா என்று எடுத்தார்களே, பார்த்தீர்களா? நரேன் செய்த போலீஸ் அதிகாரி வேடத்துக்குத் தபு, சண்டை எல்லாம் பத்து மடங்கு பெரிது. லாரி ஓடியது, என் மனசு அதோடு ஓடவில்லை. கைதியில் ஜார்ஜ் மரியான் ஒருவர், கூட நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள், பெஞ்சையும் மேசையையும் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்குத்தான் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்த வயதான கான்ஸ்டபிள் அவர். அவர் பயந்துகொண்டே நின்றதால்தான் நமக்கும் பயம் வந்தது.

ஈரோடு_மஞ்சமண்டி
அதைத்தான் நானும் சொல்கிறேன். இவ்வளவு நல்ல படத்தை அப்படியே விட்டுவிடுங்கள் என்கிறேன். அப்பனும் மகளும் சேர்ந்துவிட்டார்கள். நமக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சங்ககிரி_லைன்வண்டி
மஞ்சமண்டி அண்ணா, இங்கேதான் நான் ஒத்துப்போக மாட்டேன். அப்பன் வீட்டுக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பது அப்பன் கூடவே வளர்ந்தவர்கள். வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கதையே ஆரம்பித்தது. முழங்கால் தேய்ந்து, அப்பா வண்டியை விட்டுவிட்டு வீட்டோடு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அவருக்கு நான் எந்தப் பக்கம் பள்ளிக்கூடம் போகிறேன் என்று தெரியாது. எனக்கு அவர் சாப்பாட்டில் உப்புக் குறைவாகப் போட்டுக்கொள்வார் என்று தெரியாது. ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேச்சு வராமல் எத்தனை சாயங்காலம் போயிருக்கிறது! ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து வாசலுக்குப் போய் நிற்பார். அந்த நேரத்துக்கு டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டிப் பழகிய உடம்பு.

டீச்சர், நீங்க ஆறு வருடம் போய்விட்டது என்று வருத்தப்பட்டீங்க. எனக்கு அதுவே நம்பிக்கையாக இருக்கிறது. திருஷ்யம் 2013-ல் வந்தது, மலையாளத்தில் இரண்டாம் பாகம் வந்தது 2021-ல். கதைக்குள்ளும் ஆறு வருடம் கடந்திருக்கும். அந்தக் குடும்பம் அத்தனை வருடமும் பயத்தோடு வாழ்ந்தது மகள்களின் முகத்தில் தெரியும். தாமதத்தை மறைக்காமல் கதைக்குள்ளேயே எடுத்துக்கொண்டார்கள். கைதி 2-லும் அமுதாவைப் பதினாறு பதினேழு வயதுப் பெண்ணாகக் காட்டட்டும். பத்து வருடம் இல்லாத அப்பன், கூட இருந்த ஆறு வருடத்தில் என்ன ஆனான் என்று சொல்லட்டும். அதற்கு ரோலக்ஸ் வேண்டாம். ஒரு லாரியும் ஒரு ராத்திரியும் போதும்.

உடுமலை_டீச்சர்
நீங்கள் சொல்கிற படத்துக்கு நான் முதல் நாளே வருவேன். ஆனால் எடுக்கப்போகிற படம் அதுதானா என்பது யாருக்குத் தெரியும்? அந்தச் சந்தேகம் எனக்குப் போகவில்லை.

திருப்பூர்_தையல்
எனக்கும் போகவில்லை. தேதி அறிவித்தாலும் டிக்கெட் போடுமுன் ஒரு தடவை யோசிப்பேன். சங்ககிரி தம்பி, ஒன்று கேட்கிறேன். அப்பாவிடம் கைதி 2 பற்றிச் சொன்னீர்களா? அவர் என்ன சொன்னார்?

சங்ககிரி_லைன்வண்டி
போன வாரம்தான் சொன்னேனுங்க, அடுத்த பாகம் எடுக்கப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். கார்த்தி நடிக்கிறாரா, எப்போது வரும், ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புள்ளை இப்ப பத்தாவது முடிச்சிருக்கும்ல?" என்றார்.